உடம்பு பட்ட துணி

இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் நம்பரக்காவைத் துவைத்திருப்பார்கள்.

விடாமல் மழை பெய்த வாரம் அது. தங்கும் விடுதியிலிருந்து வந்த அழுக்குத்துணி மூன்று தள்ளுவண்டி நிறையக் கிடந்தது. துவைக்கிற ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டதால் தேய்ப்புக்காரரே அன்று மிஷினையும் பார்த்துக்கொண்டார். பெரிய மிஷினின் வட்டக் கதவைத் திறந்து, இரண்டாவது வண்டியை அதன் வாயில் சாய்த்தார். விரிப்புகள் ஒவ்வொன்றாகச் சரிந்து உள்ளே விழுந்தன. நாலாவது விரிப்போடு ஒரு கால் வந்தது.

அவர் போட்ட கூச்சலில், முன்பக்கம் ரசீது எழுதிக்கொண்டிருந்த, புதுசு என்று எல்லாரும் கூப்பிடுகிறவள், பேனாவோடு ஓடிவந்தாள். ஸ்டீம் பிரஸ்ஸுக்கு அந்தப் பக்கமிருந்து அவள் கணவர் லாண்ட்ரிக்காரரும் வந்தார். மூவருமாகத் துணியை விலக்கினார்கள். முழங்காலை மடக்கி, கையைக் கன்னத்துக்குக் கொடுத்து நம்பரக்கா படுத்திருந்தாள். கண்ணைத் திறந்து மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தூங்குற மனுஷிய இப்படியா எழுப்புவீங்க? வீடு பத்திக்கிச்சா?"

"உள்ள போட்டு மூடியிருப்பேன் நம்பரக்கா. தொண்ணூறு டிகிரி வச்சிருந்தேன்." தேய்ப்புக்காரர் ஈரத்தரை என்றுகூடப் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டார்.

"வெள்ளைக்குத் தொண்ணூறுதான் வைக்கணும். சரியாத்தான வச்சிருக்க, அதுக்கு ஏன் அழற?"

அன்றைக்கு அதற்குமேல் மிஷின் ஓடவில்லை.

நம்பரக்கா லாண்ட்ரிக்காரருக்கு அக்கா. பத்து வயது மூத்தவள். அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போனபோது தம்பிக்கு ஒன்பது வயது. பத்தொன்பது வயதில் அவள் கடையின் முன்மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். வருகிற துணியின் உட்பக்க ஓரத்தில் அழியாத மையால் வாடிக்கையாளரின் நம்பரை எழுதுவது அவள் வேலை. நாற்பது வருஷத்துக்கு மேல் எழுதினாள். தெருவில் போகிறவர்களின் முகத்தைவிட நம்பர்தான் அவளுக்கு முதலில் ஞாபகம் வரும். "அறுபத்திரண்டு இளைச்சுப் போச்சு, சட்டை தொங்குது" என்பாள். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்களிடம், கடைக்கு வருகிற துணியை வாங்கிப் போட வேறு யார் இருக்கிறார்கள் என்று திருப்பிக் கேட்டிருக்கிறாள்.

புதுசுக்கு அந்தப் பெயரை வைத்ததும் அவள்தான். கல்யாணமாகி வந்த மறுநாள், கடையில் நின்ற கூட்டத்திடம் "இது புதுசு" என்று சொன்னாள், விலைக்கு வாங்கி வந்த மிஷினைக் காட்டுவதுபோல. இருபத்தாறு வருஷமாகியும் வீட்டிலும் தெருவிலும் அதுவே பெயர்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நம்பரக்கா இரண்டு பேருக்கு ஒரே நம்பரை எழுதினாள். ஒருவரின் கோட்டு இன்னொருவர் வீட்டுக்குப் போனது. அப்புறம் துணிக்கு நம்பர் எழுதுவதற்குப் பதிலாகச் சுவரில் எழுதினாள். டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். இது போகப் போகக் கூடும், குறையாது என்றும் சொன்னார். கடையின் பின்பக்கம் கொதிக்கிற தண்ணீர், ஆவி, சுடுகிற இரும்பு. மேலே இரண்டு அறையில் குடித்தனம். கீழேயிறங்கும் படியில் ஒரு கதவு போட்டார்கள். அந்தக் கதவை யார் பூட்டாமல் விட்டது என்று அன்று மதியம் யாரும் யாரையும் கேட்கவில்லை. விட்டது தான்தான் என்று புதுசுக்குத் தெரியும்.

நம்பரக்காவைக் குளிப்பாட்டி, பாலில் ரொட்டியை நனைத்து ஊட்டி, கட்டிலில் உட்கார வைத்துவிட்டு வந்தாள். லாண்ட்ரிக்காரர் ஜன்னலருகே நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே முடியாது. வெளிய ஒரு இடம் பாக்கலாம்" என்றார்.

இரண்டு வருஷமாகப் புதுசு தன் வாயில் வைத்து அடக்கிக்கொண்டிருந்த வார்த்தை. தினம் காலையில், முதல் வாடிக்கையாளர் வருவதற்குள், நனைந்த விரிப்பைத் தனியாக அலசும்போது அந்த வார்த்தை மேலே வரும். அதைச் சொல்கிறவளாகத் தான் ஆகிவிடக்கூடாது என்று விழுங்கிவிடுவாள். இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டார். அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி இல்லை, கோபம்.

"ஏன், நான் சரியாப் பாத்துக்கலையா?"

"யாரு அப்படிச் சொன்னா?"

"இடம் பாக்கலாம்னா வேற என்ன அர்த்தம்?"

"ஆள மிஷின்ல போட இருந்தோம். இன்னும் என்ன நடக்கணும்ங்கற?"

"இதையே நான் சொல்லியிருந்தா?"

அவர் ஜன்னலிலிருந்து திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு, "நீ சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேன்" என்றார்.

அந்த நேர்மைக்காக அவரை மன்னிப்பதா, அதற்காகவே இன்னும் கோபப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கட்டிலிலிருந்து நம்பரக்கா, "அங்க என்ன குசுகுசுன்னு? துணி உள்ள வந்துச்சா இல்லையா?" என்று சத்தம் போட்டாள்.

இடம் பார்க்கப் போகிறவர்கள் சமையலறையைப் பார்ப்பார்கள், டாக்டர் எத்தனை நாள் வருவார் என்று கேட்பார்கள். இவர்கள் இரண்டு பேரும் நேரே கட்டிலுக்குப் போனார்கள். லாண்ட்ரிக்காரர் விரிப்பின் மூலையை மடக்கிப் பார்ப்பார். ஓரத்தையலைக் கட்டைவிரலால் தேய்ப்பார். புதுசு குனிந்து மோந்து பார்ப்பாள். அவர்களுக்கு அதுதான் தெரிந்த வழி. ஒரு சட்டைக் காலரை வைத்து, போட்டவர் வேலை மாறிவிட்டார் என்று சொல்லக்கூடியவர்கள். ஒரு வீட்டுத் தலையணை உறையை வைத்து அந்த வீட்டில் யாரோ அழுகிறார்கள் என்று கண்டுபிடித்து, வாய் திறக்காமல் இருக்கவும் தெரிந்தவர்கள்.

முதலில் பார்த்தது நாலுமாடிக் கட்டடம். லிஃப்ட், கண்ணாடிக் கதவு, மருந்து வாடையே இல்லாத தாழ்வாரம். வெள்ளைச் சட்டை போட்ட மேனேஜர் ஒவ்வொரு அறையாகத் திறந்து காட்டினார். அத்தனை கட்டிலிலும் வெள்ளை விரிப்பு. மூலை மடிப்பு கத்திபோல நின்றது. மேனேஜர் எதையோ விவரமாகச் சொல்லிக்கொண்டிருக்க, லாண்ட்ரிக்காரர் மனைவியின் காதருகே குனிந்தார்.

"நூலப் பாரு. ஒரு பிசிறு இல்ல. நீலம் எங்கயாவது திட்டாத் தெரியுதா?"

"கஞ்சியும் அளவாத்தான் போட்டிருக்காங்க."

"கைதேர்ந்த ஆளு. யாரா இருந்தாலும் கைதேர்ந்த ஆளு." அவர் கண் லேசாகக் கலங்கியிருந்ததைப் புதுசு பார்த்தாள்.

இரண்டாவது இடம் ஊரின் இன்னொரு கோடியில், மாடியில்லாத பழைய வீடு. ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருத்தி தன் தங்கையோடும் இரண்டு உதவியாட்களோடும் நடத்துவது. பன்னிரண்டு பேர். கட்டிலுக்குக் கட்டில் வேறு வேறு விரிப்பு. ஒன்றில் பூ, ஒன்றில் கோடு, ஒன்றில் ஒட்டுப்போட்ட யானைப்படம். ஒரு பெரியவர் கட்டிலில் சம்மணம் போட்டு முட்டை தின்றுகொண்டிருந்தார். மஞ்சள்கரு விரிப்பில் சொட்டியிருந்தது. அதற்குக் கீழே நேற்றைய மஞ்சள்கருவின் கறையும், அதற்கு முந்தினதன் கறையும் மங்கலாகத் தெரிந்தன.

லாண்ட்ரிக்காரர் விரிப்பைத் தொடாமலே கேட்டார். "ப்ளீச் போடறதில்லையா?"

"இல்லீங்க. வயசான தோலுக்கு ஆகாது" என்றாள் நர்ஸம்மா, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே.

"கறை அப்படியே நிக்குதே."

"நிக்கட்டும். கறை யாரையும் கடிக்காது."

பஸ்ஸில் திரும்பும்போது அவர் கொதித்தார். "துணிய இந்தக் கதியில வச்சிருக்கிறவ ஆள எந்தக் கதியில வச்சிருப்பா?"

புதுசு மறுக்கவில்லை. அவளும் அதையேதான் நினைத்திருந்தாள்.

நாலுமாடியின் மாதக் கட்டணம், கடையில் செலவு போக மிஞ்சுவதில் முக்கால்வாசி. மூன்று மாதத்தை முன்னாலேயே கட்ட வேண்டும். துணி கொண்டுபோய்க் கொடுக்கிற வேனை விற்றார்கள்.

"வேனும் இல்லாம மூட்டையத் தலையிலயா சுமக்கப்போறோம்?" என்றார் தேய்ப்புக்காரர்.

"எங்கக்கா என்னைய இடுப்புல தூக்கிச் சுமந்துச்சுடா."

"அப்ப நீங்க இந்த எடை இல்லையேண்ணே."

லாண்ட்ரிக்காரர் சிரித்தார். அந்த வாரம் முழுவதிலும் அவர் சிரித்தது அப்போது மட்டும்தான்.

கொண்டுபோய் விட்ட அன்று நிறைய இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள். புதிதாக வருகிறவர்கள் இடம் பழக வேண்டும், ஐந்து நாள் வந்து பார்க்க வேண்டாம் என்றார்கள். நம்பரக்கா கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, இவர்களைக் கடைக்கு வந்துபோகும் ஆட்களைப்போலத் தலையசைத்து அனுப்பினாள்.

அந்த ஐந்து நாளில் புதுசு பகல் முழுக்க வேலை செய்தாள். படிக்கதவைப் பூட்ட வேண்டியதில்லை என்பதை மறந்து பூட்டினாள். காலையில் அலச ஒன்றுமில்லாமல் கை சும்மா கிடந்தது. நிம்மதியாக இருக்கிறதா என்று தன்னைக் கேட்டுப் பார்த்தாள். இருந்தது. இருந்ததால்தான் யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை.

ஆறாம் நாள் சனிக்கிழமை, மழை ஓய்ந்து வெளிச்சமாக இருந்தது. நம்பரக்கா பெரிய கூடத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலை படிய வாரியிருந்தது. சுத்தமான உடுப்பு. நகம் வெட்டியிருந்தார்கள். குரல் மட்டும் தாழ்ந்து போயிருந்தது.

"துணி காயுதா?" என்று தம்பியிடம் கேட்டாள்.

"காயுதுக்கா. வெயில் வந்துருச்சு."

"யாரு நீங்க?"

"உன் தம்பிக்கா."

"என் தம்பி சின்னப்பையன். ஸ்கூலுக்குப் போயிருக்கான்." இரக்கப்பட்டவள்போல அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். "உக்காருங்க. வந்துருவான்."

அவர் உட்கார்ந்தார். புதுசு கொண்டுவந்த உடுப்புகளை அலமாரியில் வைக்க அறைக்குப் போனாள். வைத்துவிட்டுக் கட்டிலில் உட்காரப் போனவள், தேய்த்த துணிமேல் உட்காரக்கூடாது என்ற தொழில் பழக்கத்தில் நின்றுவிட்டாள். அப்போதுதான் விரிப்பைப் பார்த்தாள்.

தேய்த்து மடித்த விரிப்பை விரித்தால் மடிப்புக் கோடுகள் கட்டம் கட்டமாக மேலே நிற்கும். ஒரு ராத்திரி அதன்மேல் உடம்பு பட்டால் போதும், நடுவிலிருக்கிற கோடுகள் செத்துவிடும். இந்த விரிப்பில் குறுக்கே மூன்று, நெடுக்கே ஒன்று, எல்லாக் கோடும் உயிரோடு நின்றன. தலையணை உறையிலும் நின்றன. இன்றைக்கு மாற்றியிருப்பார்கள் என்று நினைத்தாள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். தாழ்வாரத்தில் துடைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் போய்க் கேட்டாள்.

"விரிப்பு எப்பம்மா மாத்துவீங்க?"

"திங்கக்கிழமைங்க. எல்லாக் கட்டிலுக்கும் திங்கக்கிழமைதான்."

புதுசு கூடத்துக்கு வந்து கணவரை அழைத்தாள். "ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க." அறைக்குள் வந்ததும் கட்டிலைக் காட்டினாள். அவர் பார்த்தார். கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். தொடவில்லை.

"இதுல ஆள் படுக்கல" என்றார்.

மேனேஜர் எதையும் மறைக்கவில்லை. ராத்திரி எழுந்து நடக்கிறவர்களைக் கட்டிலில் விடுவதில்லை, சாய்வு நாற்காலியில் இடுப்பைச் சுற்றி மெத்தென்ற பட்டை போட்டு உட்கார வைப்பதுதான் வழக்கம் என்றார். "அஞ்சு பேரு விழுந்து இடுப்பொடிஞ்சாங்க சார். அதுக்கப்புறம் வந்த ஏற்பாடு. நாற்காலி நல்லாச் சாயும். நீங்களும் ஒன்பதாம் பக்கத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"தூங்குறாங்களா?" புதுசு கேட்டாள்.

"மாத்திரை குடுக்கிறோம் மேடம்."

"அந்த நாற்காலியில விரிப்பு போடுவீங்களா?"

"ரெக்சின்தானே மேடம். துடைச்சு விட்டுருவோம்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. கெட்ட எண்ணமும் இல்லை. அதனால் அவரோடு சண்டை போடவும் வழியில்லை. புதுசுக்குத் தன்மேல்தான் வெட்கமாக இருந்தது. ஆயுள் முழுக்க மற்றவர்களின் அழுக்கில் சோறு தின்றவர்கள் இவர்கள். ஆள் புழங்கினால் துணி அழுக்காகும் என்பதைவிடப் பெரிய பாடம் ஒன்றும் இவர்கள் தொழிலில் கிடையாது. அதைத் தெரிந்தவர்களே, அழுக்கில்லாத கட்டிலின் முன்னால் நின்று கண் கலங்கிப் போனார்கள். கைதேர்ந்த ஆள் துவைத்த துணி என்று நினைத்தார்கள். அது துவைக்கவே தேவைப்படாத துணி. வேறு யாராவது, துணியைப்பற்றி ஒன்றும் தெரியாத யாராவது வந்திருந்தால், ராத்திரி எப்படித் தூங்க வைப்பீர்கள் என்று முதலிலேயே கேட்டிருப்பார்கள்.

லாண்ட்ரிக்காரர் கூடத்துக்குப் போய், நாற்காலியின் கைப்பிடிக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்த பட்டையைக் கையிலெடுத்துப் பார்த்தார். பருத்தி, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தது. ஓரத்தை வழக்கம்போலக் கட்டைவிரலால் தேய்த்தார். பிறகு அதை விட்டுவிட்டு அக்காவின் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"வீட்டுக்குப் போலாமாக்கா?"

"தம்பி வரட்டும்."

"வழியில பாத்துக்கலாம்."

வாடகைக் காரில் நம்பரக்கா நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தாள். கடைத்தெருவுக்குள் திரும்பும்போது சொன்னாள், "அந்த ஓட்டல்ல சாப்பாடு நல்லாத்தான் இருந்துச்சு. கடைசிவரைக்கும் ரூம்தான் குடுக்கல."

லாண்ட்ரிக்காரர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் காலையில் நர்ஸம்மாவின் வீட்டு வாசலில் இரண்டு பேரும் நின்றார்கள். தேய்ப்புக்காரர் நம்பரக்காவோடு கடையில் இருந்தார்.

"அன்னைக்கு என் பெட்ஷீட்ட மோந்து பாத்துட்டு ஓடினவங்கதான நீங்க?" என்றாள் நர்ஸம்மா.

"மோந்தது நான்" என்றாள் புதுசு. "ஓடினது இவரு."

நர்ஸம்மா சிரித்து உள்ளே கூப்பிட்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டாள். லாண்ட்ரிக்காரர் தலையைக் குனிந்துகொண்டே உட்கார்ந்தார். புதுசுதான் கேட்டாள். இந்த முறை துணியைப் பற்றிக் கேட்கவில்லை.

"ராத்திரி எந்திரிச்சு நடப்பாங்க. அப்ப என்ன பண்ணுவீங்க?"

"நடக்கட்டும். கூட நானும் நடப்பேன், இல்லாட்டி என் தங்கச்சி நடப்பா. எங்களுக்கும் தூக்கம் வர்றதில்ல."

"விழுந்துட்டா?"

"கட்டில் காலை அறுத்துக் குட்டையாக்கி வச்சிருக்கேன், பாருங்க. கீழ மெத்தை போடுவேன். ஆனா விழவே மாட்டாங்கன்னு சத்தியம் பண்ண மாட்டேன்மா. விழுந்தா அன்னைக்கே உங்களுக்குச் சொல்லுவேன். அவ்வளவுதான் என்னால முடிஞ்சது."

இத்தனை நாளில் யாரும் இப்படிச் சொல்லவில்லை என்று புதுசு நினைத்தாள். அந்தப் பதிலில் ஆறுதல் ஒன்றுமில்லை. ஆனால் கையை ஊன்றிக்கொள்ள ஓர் இடம் இருந்தது.

நர்ஸம்மா தொகையைச் சொன்னாள். நாலுமாடியைவிட நல்ல குறைவு. ஆனால் முன்பணத்தில் பாதியைத்தான் அங்கே திருப்பித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள், வேனும் போய்விட்டது. லாண்ட்ரிக்காரர் விரல்களை மடக்கி விரித்துக்கொண்டிருந்தார். நர்ஸம்மா அதைப் பார்த்தாள்.

"கடை ஓடுதுல்ல?"

"ஓடுது."

"இங்க துவைக்க ஆள் நிக்க மாட்டேங்குது. வாரத்துக்கு ரெண்டு தடவை மூட்டை வரும். துவைச்சுக் குடுங்க, பாதியக் கழிச்சுக்கறேன். ஆனா ப்ளீச் கூடாது."

அவர் முதல் தடவையாக நிமிர்ந்தார். "கறை?"

"இருக்கட்டும்."

"கஞ்சி?"

"கூடாது. மொடமொடன்னு இருந்தா புரளும்போது சத்தம் கேக்குது, பயந்துக்கறாங்க."

"நீலம்?"

"உங்க ஆசைக்கு ஒரு சொட்டு விட்டுக்கங்க."

"இதுக்குப் பேரு துவைக்கிறதாம்மா? நாளைக்கு யாராவது பாத்து, இது இவன் துவைச்சதுன்னு சொன்னா என் மூஞ்சிய எங்க கொண்டு வைக்கிறது?"

"யாரும் பாக்க மாட்டாங்க. மோந்து பாக்கிறவங்க எல்லாரும் இப்ப உள்ள வந்துட்டீங்களே" என்றாள் நர்ஸம்மா.

கிளம்பும்போது ஒன்று சொன்னாள். அங்கே விரிப்பு அவரவர் வீட்டிலிருந்து வருவது. யானைப்படம் பேரன் படுத்த விரிப்பு, பூப்போட்டது அந்த அம்மாவின் கல்யாண விரிப்பு. தெரிந்த துணி என்றால் கை அதைத் தடவிப் பார்த்துவிட்டு அடங்குகிறதாம். "உங்க வீட்லேருந்தும் அவங்க படுத்த பெட்ஷீட் ஒண்ணு கொண்டாங்க."

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தபோதுதான் புதுசுக்கு உறைத்தது. இந்த வீட்டில் விரிப்பு என்று வாங்கினதே இல்லை. வெளுக்கப் போட்டுவிட்டு வாங்க வராதவர்களின் துணியில்தான் இத்தனை வருஷமும் படுத்திருக்கிறார்கள். ஊரைவிட்டுப் போனவர்கள், இறந்துபோனவர்கள், ரசீதைத் தொலைத்துவிட்டு வெட்கப்பட்டு வராதவர்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் நம்பரக்காவின் கையெழுத்தில் இன்னொருவர் நம்பர். நம்பரக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள்.

"நூத்திநாப்பது. வாத்தியார் வீடு. மூணு பொண்ணு."

"இது?"

"இருபத்தாறு. கஞ்சன். பட்டன் போனதுக்குக் காசக் கொறைன்னு நின்னான்."

"இது, அண்ணி?"

"முன்னூத்தியெட்டு. அந்தம்மா திரும்பி வரும். எடுத்து வை, கிழிச்சுப்புடாத."

தம்பியின் முகம் தெரியாதவளுக்கு முன்னூற்றெட்டு தெரிந்தது. இதில் எதையும் உங்களுடையது என்று கொடுத்துவிட முடியாது. புதுசு கடைத்தெருவுக்குப் போய், நீலக்கட்டம் போட்ட விரிப்பு ஒன்று விலைகொடுத்து வாங்கிவந்தாள். புதுத்துணி விறைப்பு போக மூன்று தடவை துவைத்தாள். மூன்று ராத்திரி நம்பரக்காவை அதில் படுக்க வைத்தாள். நாலாம் நாள் காலை அதைத் திரும்பத் துவைத்து, மடித்து, மைப்பேனாவோடு அவள் மடியில் வைத்தாள்.

"நம்பர் போடுங்க, அண்ணி."

கை தானாகவே மூடியைத் திறந்தது. மூலையை இழுத்து முழங்காலில் பரப்பியது. அங்கேயே நின்றது.

"இது யாரோடது?"

"உங்களோடது."

"நம்ம வீட்டுத் துணியா?"

"ஆமாண்ணி."

நம்பரக்கா மூடியைத் திருகி மூடினாள். "உனக்கு எப்பத்தான் புத்தி வரும், புதுசு? வெளிய போற துணிக்குத்தான்டி நம்பர். நம்ம துணி எங்க போகப்போகுது?"

இதுவும் வெளியே போகிற துணிதான் என்று புதுசு நினைத்துக்கொண்டாள். விரிப்பை அவள் மடியிலிருந்து எடுத்துப் பைக்குள் வைத்தாள். அந்தப் பையோடு மாற்றுடுப்பு, சீப்பு, துணிச்செருப்பு. வாடகைக் கார் வந்து நின்றபோது தேய்ப்புக்காரர் வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்தார். காரின் கதவைத் துடைத்தார்.

முதல் மூட்டை செவ்வாய்க்கிழமை முற்பகலில் வந்தது. நர்ஸம்மாவின் தங்கை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "சாப்பிடறாங்க, பேசறாங்க, நேத்து எங்கக்காவத் திட்டினாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். புதுசு மூட்டையைத் தரம் பிரிக்கும் மேஜைமேல் அவிழ்த்தாள். யானையை ஒதுக்கினாள், பூவை ஒதுக்கினாள். அடியில் நீலக்கட்டம் இருந்தது. உதறாமல், மெதுவாக, மேஜை நிறைய விரித்தாள்.

லாண்ட்ரிக்காரர் பிரஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து எதிர்ப்பக்கம் நின்றார்.

நடுவில் மடிப்பு ஒன்றுகூட இல்லை. துணி முழுக்கக் கசங்கிக் கிடந்தது. கால்மாட்டில் குதிகால் தேய்த்த இரண்டு தடம். இடுப்புப் பக்கம் பெரிதாக ஒரு ஈரம் காய்ந்து, ஓரம் மஞ்சளாக வளைந்திருந்தது. எத்தனையோ காலை புதுசு பல்லைக் கடித்துக்கொண்டு அலசிய அதே மஞ்சள். அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"படுத்திருக்காங்க" என்றாள். "நல்லாப் புரண்டு படுத்திருக்காங்க."

அவர் தலையாட்டினார். விரலால் ஒரு ரொட்டித் துணுக்கைத் தட்டிவிட்டார். ஓரமாகப் பழுப்பாக ஏதோ தெரிந்தது. அவர் கை தன்பாட்டில் கறைமருந்து புட்டியை எடுத்தது. பிறகு நினைவு வந்து, இருந்த இடத்திலேயே வைத்தது.

"டீயா?"

"டீதான். டம்ளரக் கட்டில்மேலயே வச்சிருக்காங்க. வட்டமா இருக்கு பாருங்க." குனிந்தாள். "ரெண்டு வட்டம்."

"ஒரே டம்ளர ரெண்டு தடவை வச்சிருக்கும்."

"இல்லீங்க. இது பெருசு, இது சின்னது. ரெண்டு டம்ளரு." வட்டங்களுக்குப் பக்கத்தில் கட்டிலின் விளிம்பு வருகிற இடத்தில் ஆழமாக ஒரு கசங்கல் இருந்தது. அதையும் காட்டினாள். "இங்க ஒருத்தர் உக்காந்திருக்காங்க. கொஞ்ச நேரம் இல்ல, ரொம்ப நேரம்."

இரண்டு பேரும் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். புதுசுக்கு நெஞ்சிலிருந்து ஏதோ ஒன்று இறங்கியது. இறங்கின இடத்தில் உடனே இன்னொன்று ஏறி உட்கார்ந்ததையும் கவனித்தாள். அது என்னவென்று தெரிந்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது.

"யாருன்னு கேக்கணும்" என்றாள்.

"யாரா இருந்தா என்ன? நல்லதுதான."

"நல்லதுதான். ஆனா எனக்குத் தெரியணும். இருபத்தாறு வருஷத்துல ஒரு நாளாவது என்னைப் பக்கத்துல உக்கார வச்சு டீ குடிச்சிருக்காங்களா உங்கக்கா?"

லாண்ட்ரிக்காரர் நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். "ரெண்டு பேரும் நின்னுக்கிட்டுக் குடிச்சிருக்கீங்க" என்றார்.

"ரசீது எழுதிக்கிட்டு."

"ஆமா. ரசீது எழுதிக்கிட்டு."

புதுசு நீலக்கட்டத்தைச் சுருட்டி மற்றவற்றோடு போட்டாள். கையை உதறிக்கொண்டாள்.

"வியாழக்கிழமை மூட்டை கொண்டுபோறப்ப நானும் ஒரு டம்ளர் எடுத்துட்டுப் போறேன்" என்றாள்.